பேசத் திணறும் பிள்ளையைப் பிறர் நடுவே கொண்டு வருவது எப்படி?

காதுகுத்து வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்ததும் கன்னத்தைக் கிள்ளி, "உன் பேரென்ன ராசா, எத்தனாப்பு படிக்கிற?" என்று யாரோ ஒரு பெரியம்மா கேட்பதும், பிள்ளை வாய் திறக்காமல் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதும், "வீட்ல நல்லாத்தானே சொல்லுவ, சொல்லுடா" என்று தாய் அவனை முன்னால் தள்ளுவதும் எங்கள் மதுரைப் பக்கத்தில் எந்த விசேஷ வீட்டிலும் காணக்கூடிய காட்சிதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஐந்து நிமிடக் கூச்சம். மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ அது ஊரார் முன்னிலையில் வைக்கப்படும் தேர்வு. இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி அளித்து வரும் என்னிடம் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்ப சார் பேசுவான்?" என்பதைத்தான். சில மாதங்கள் கழித்துச் சொற்கள் வரத் தொடங்கிய பிறகுதான், "பேசுறான் சார், ஆனா யாரோடயும் சேர மாட்டேங்குறான்" என்ற இரண்டாவது கவலை வருகிறது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கவலைக்காக எழுதப்பட்டது.

காது நன்றாகக் கேட்டும், மொழியைப் பாதிக்கக்கூடிய வேறு நோய் எதுவும் இல்லாமலும், சொற்களைக் கற்பதிலும் வாக்கியம் அமைப்பதிலும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் ஒரு பிள்ளைக்கு நீடித்த தடை இருந்தால் அதை மொழி வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம். ஆங்கிலத்தில் பல பெயர்களால் அழைக்கப்பட்டு வந்த இந்நிலைக்கு 'டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸார்டர்' என்ற ஒரே பெயரை 2017இல் வெளியான வல்லுநர் குழுவின் பரிந்துரை முன்வைத்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதிப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 7.5 சதவீதத்தினருக்கு இத்தடை இருப்பதாகக் கண்டது. 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பேர் இருந்தும் இவர்கள் நம் கண்ணில் படாததற்குக் காரணம், இவர்களுக்கு நாம் வேறு பெயர்களைச் சூட்டிவிடுவதுதான். "இது என் முறை" என்று சொல்ல வராத பிள்ளை மட்டையைப் பிடுங்குகிறான், அவன் முரடன் ஆகிவிடுகிறான். வேகமாகப் பேசுவது புரியாத பிள்ளை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள், அவள் ஊமைக்குசும்பு ஆகிவிடுகிறாள். மந்தம் என்ற சொல்லைப் பிள்ளையின் காதுபடவே சொல்லுகிற பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் அந்தப் பிள்ளை தவறாமல் புரிந்துகொள்கிறது.

தொடங்கும் முன்

ஒரு வயதிலும் மழலை ஒலிகளோ விரல் நீட்டிக் காட்டுதலோ இல்லை, 18 மாதம் ஆகியும் ஒரு சொல்லும் வரவில்லை, 2 வயது முடிந்தும் "அம்மா வா", "பால் குடு" போன்ற இரு சொல் தொடர் இல்லை, அல்லது எந்த வயதிலாவது பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைகின்றன என்றால் காத்திருக்கக் கூடாது. "ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசும்; அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்லுவார். உண்மையில் குடும்பத்தில் முன்பே ஒருவர் தாமதமாகப் பேசியிருப்பது, இன்னும் விரைவாகப் போய்ப் பார்ப்பதற்கான காரணம். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் மொழி வளராது.

முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிற மருத்துவக் குழுவினர் மொழி வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்பதால், அவர்கள் வரும் நாளில் நீங்களே எடுத்துச் சொல்லலாம். தனியார் பயிற்சியாளரிடம் செல்வதாக இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பெற்றுள்ள பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் மொழித் தடை மட்டும் உள்ள பிள்ளைக்கும் தேவைப்படும் உதவி சில இடங்களில் ஒன்றாகவும் சில இடங்களில் வேறாகவும் இருக்கும். அதைப் பிரித்தறிவது முறையான மதிப்பீட்டின் வேலை, இணையக் காணொளிகளின் வேலையன்று.

இங்கே மதுரைக்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும், தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் குடும்பங்களும் நிறைந்த ஊர் இது. பிள்ளை பேசத் திணறினால், "வீட்டு மொழிய நிப்பாட்டிட்டு ஒரே மொழியில பேசுங்க" என்று அறிவுரை கூறுபவர் பலர். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை. வீட்டு மொழியைப் பிடுங்கிவிட்டால், சௌராஷ்டிரத்தில் மட்டுமே மனம்விட்டுப் பேசும் பாட்டியோடு அந்தப் பிள்ளைக்கு இருக்கும் உறவும் சேர்ந்து அறுந்துபோகிறது. உங்கள் வாயில் எந்த மொழி தடையின்றி வருகிறதோ அந்த மொழியிலேயே பிள்ளையோடு பேசுங்கள்.

கேள்வியைக் குறைத்தல்

ஒரு நாள் மாலை, பிள்ளையோடு நீங்கள் பேசுவதை அரை மணி நேரம் கைபேசியில் பதிவு செய்து, பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "இது என்ன? இது என்ன கலரு? டீச்சர் என்ன சொன்னாங்க? சாப்பிட்டியா? எங்க, ஏ பி சி டி சொல்லு?" என்று நம் பேச்சில் பெரும்பகுதி கேள்வியாகவே இருக்கும், அதுவும் விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளாக. மொழித் தடை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பதற்றத்தில் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். இதனால் பேச்சு என்றாலே தேர்வு என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஒரு கேள்வி கேட்கும் இடத்தில் மூன்று முறையாவது கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் கூறுகிறேன். அவன் காரை உருட்டினால் பக்கத்தில் அமர்ந்து இன்னொரு காரை உருட்டி, "என் காரு மாட்டுத்தாவணி போகுது… ஐயோ, டிராஃபிக்கு!" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணிக்கைதான் பெற்றோருக்கு ஆகக் கடினமான பயிற்சி; மூன்றிலேயே பொறுமை போய், பிள்ளைக்காக நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாக்கியமாக்கி, வாய்க்குக் கொண்டுவர இந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. ஒரு சொல்லோ, ஒரு பார்வையோ, "டுர்ர்" என்ற ஒலியோ வந்தால் அதுவே அவனுடைய முறை. உடனே அதற்குப் பதில் கொடுங்கள்.

அவன் தவறாகச் சொன்னால் திருத்தி, "அப்படி இல்ல, ஒழுங்காச் சொல்லு" என்று திரும்பச் சொல்லவைக்க வேண்டாம். "அத்தை நேத்து வந்தான்" என்றால், "ஆமா, அத்தை நேத்து வந்தாங்க, பலகாரம் கொண்டுவந்தாங்க" என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துக் கொடுங்கள். தமிழில் வினைமுற்றின் ஈறே ஆள், பால், மரியாதை எல்லாவற்றையும் சுமப்பதால், இந்தப் பிள்ளைகள் அங்கேதான் அதிகம் தடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவை "வா" என்று அழைக்கும் பிள்ளை திமிர் பிடித்தவன் அல்லன். 'வாங்க' என்பதன் ஈறு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தாத்தாவிடம் இதை ஒருமுறை பணிவாக எடுத்துச் சொல்லிவிட்டால், பிள்ளைக்கு ஓர் எதிரி குறைகிறார், ஓர் ஆசிரியர் கூடுகிறார்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி முகவாயைப் பிடித்துத் திருப்புவதையும் விட்டுவிடுங்கள். பார்ப்பதும் கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் சுமையாகிப்போகும் பிள்ளைகள் பலர். அவன் உயரத்துக்கு நீங்கள் குனிந்தோ அமர்ந்தோ பேசினாலே போதும்.

விளையாட்டில் இருக்கும் பேச்சு

பேச்சில் முறை மாற்றிக்கொள்ளக் கற்பதற்கு நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தாயக்கட்டையையும் பல்லாங்குழியையும் விடச் சிறந்த கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. உருட்டுகிறவர் யார், காத்திருக்கிறவர் யார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. "என் ஆட்டம்", "இப்ப நீ", "தாயம் விழுந்திருச்சு, மறுபடி உருட்டு" என்ற சிறு தொடர்கள் ஒரே மாலையில் முப்பது முறை வருகின்றன. அவ்வளவு முறை ஒரு தொடரைப் பொருளோடு கேட்கும் வாய்ப்பு இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து போன்றது. 'பூப்பறிக்க வருகிறோம்' போல இரு அணிகள் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடும் விளையாட்டுகள் அடுத்த படி. சொல்ல வேண்டியது முன்பே தீர்மானமாகியிருப்பதாலும், கூட்டத்தோடு சேர்ந்து சொல்வதாலும், தனியே பேச அஞ்சும் பிள்ளையின் குரல் அங்கே முதன்முதலாக வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தெருவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் விளையாட்டில் நுழைவது இவற்றைவிடக் கடினம். "போய் 'நானும் வரட்டா'ன்னு கேளு" என்று நாம் அனுப்புகிறோம். நல்ல ஆட்டத்தின் நடுவே அப்படிக் கேட்டால் "ஆள் ஃபுல்லு" என்ற பதிலே பெரும்பாலும் வரும். மற்றப் பிள்ளைகள் எப்படி நுழைகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்: சற்று ஒதுங்கி நின்று ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், சாக்கடைப் பக்கம் ஓடும் பந்தை எடுத்துப் போடுகிறார்கள், "செம ஷாட்டுண்ணே" என்கிறார்கள், ஓர் ஆள் வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் இந்த வரிசையைத்தான் கற்றுத்தர வேண்டும். அண்ணனையோ சித்தப்பா மகனையோ இதைச் செய்யச் சொல்லி ஒரு நிமிடம் படமெடுத்து, போவதற்கு முன் இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். கைபேசி இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நல்ல உதவிகளில் இது ஒன்று. மற்றபடி 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்கார வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியதை நினைவில் வைப்பது நல்லது; கைபேசியால் இந்தக் குறைபாடு வருவதில்லை, ஆனால் பேசக் கிடைத்திருக்கும் நேரத்தை அது தின்றுவிடும்.

சண்டை வரும். "காய்" விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு, மறுநாள் போய் "பழம்" விடக் கற்றுக்கொடுங்கள். சமாதானத்துக்கு ஒற்றைச் சொல்லிலேயே வழி வைத்திருக்கும் இந்த வழக்கம், நீண்ட விளக்கம் சொல்ல முடியாத பிள்ளைக்குக் கிடைத்த வரம்.

பெட்டிக்கடை வரை

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, செல்லூரில் அவன் வீட்டுத் தெருமுனையிலிருந்த பெட்டிக்கடையைப் பயிற்சிக் களமாக்கினோம். வீட்டுத் திண்ணையில் தாய் கடைக்காரராக உட்கார, அவன் பத்து ரூபாயை நீட்டி, "அண்ணே, கடலை மிட்டாய் குடுங்க" என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தான். கடைக்காரரிடமும் தாய் முன்கூட்டியே பேசி, "அவன் சொல்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே, நீங்களா எடுத்துக் குடுத்துறாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். முதல் மூன்று நாள் தாய் பக்கத்தில் நின்றார், பிறகு பத்தடி தள்ளி, பிறகு வாசற்படியில். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கடைக்காரர், "தீந்துருச்சேப்பா" என்றார். பையன் காசை நீட்டியபடியே சிலையாக நின்றான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, அழுதுகொண்டே ஓடி வந்துவிட்டான்.

தவறு என்னுடையது. எல்லாம் சரியாக நடக்கும் கடையை மட்டும் ஒத்திகை பார்க்கவைத்த நான், மாறிப்போகும் கடையை விட்டுவிட்டேன். அன்று முதல் திண்ணைக் கடையில் சரக்கு தீர்ந்தது, சில்லறை இல்லாமல் போனது, கடைக்காரருக்குக் காது கேட்காமல் போனது. "அப்ப எள்ளுருண்டை இருக்கா?", "அப்புறம் வர்றேன்", "மிச்சம் குடுங்கண்ணே" என்ற மூன்று தொடர்களை அவன் கைவசம் ஆக்கிக்கொள்ள மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. உங்கள் பிள்ளையை எந்த இடத்துக்கு ஆயத்தப்படுத்தினாலும், இடையில் என்ன கெட்டுப்போகக்கூடும் என்று யோசித்து அதையும் விளையாடிப் பாருங்கள்.

புரியாதபோது அதைச் சொல்லத் தெரிவது இதோடு சேர்ந்த திறன். இந்தப் பிள்ளைகள் பலர் எதைக் கேட்டாலும் "ம்" போட்டுத் தப்பிக்கப் பழகியிருப்பார்கள், "புரிஞ்சுச்சா?" என்ற கேள்விக்கும் அதே "ம்" வரும். ஆகவே, "புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்ற வாக்கியத்தை நீங்களே ஒரு நாளில் பலமுறை பயன்படுத்திக் காட்டுங்கள். அவன் முதன்முதலாக அதைச் சொல்லும் நாளில், எவ்வளவு வேலை கிடந்தாலும் நின்று, மெதுவாக, சிறிய வாக்கியங்களில் திரும்பச் சொல்லுங்கள். அன்று நீங்கள் எரிந்து விழுந்தால் அவன் "ம்"முக்கே திரும்பிவிடுவான். சொல் நினைவுக்கு வராமல் தவிக்கும்போது, அதன் உருவத்தையோ பயனையோ சொல்ல வழிகாட்டுங்கள்: "வட்டமா இருக்குமே, தோசை திருப்புவோமே" என்று கையை அசைத்துக் காட்டினாலும் பேச்சு அறுபடாமல் நகரும்.

கதையும் மறைபொருளும்

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல, நடந்ததை வரிசைப்படுத்தி, கேட்பவருக்குத் தெரியாததை விடாமல் சேர்த்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். அதாவது கதை சொல்லத் தெரிய வேண்டும். நட்புக்கும் இதுவே அடித்தளம். புகார் சொல்லவும், தன்மேல் விழுந்த பழியை மறுக்கவும் இதுவே வழி. மதுரைப் பிள்ளைக்கு நான் எடுத்துக்கொள்ளும் கதை அழகர் ஆற்றில் இறங்கும் கதைதான், ஏனென்றால் சித்திரை மாதத்தில் அவன் அதைக் கண்ணாலேயே பார்க்கிறான். ஆறு படங்களை வரைந்து தரையில் பரப்புகிறோம்: அழகர் மலை, தங்கை மீனாட்சியின் கல்யாணம், வழி நெடுகக் கூட்டம், வைகை ஆறு, முடிந்துபோன கல்யாணம், வண்டியூர்ப் பக்கம் திரும்பும் அழகர். யார், எங்கே, எதற்காகப் புறப்பட்டார், என்ன தடை வந்தது, அவருக்கு எப்படி இருந்தது, கடைசியில் என்ன செய்தார் என்று படத்துக்கு ஒரு தொடராகச் சொல்கிறோம்.

ஒரு சிறுமி ஐந்தாவது படத்தில் நெடுநேரம் விரலை வைத்திருந்தாள். "அழகருக்குக் கோவம்" என்றாள். "ஆமா, அழகருக்குக் கோவம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "அவரு வர்றதுக்குள்ள கல்யாணம் முடிச்சுட்டாங்க… என்னய விட்டு வெளையாடுனாங்கள்ல, அது மாதிரி" என்றாள். பள்ளியில் நடந்த, அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி ஒன்று அந்த ஒற்றை வாக்கியத்தில் வெளியே வந்தது. காரணத்தையும் உணர்வையும் இணைக்க ஒரு கதை கிடைத்ததும், தன் கதையைச் சொல்ல அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

நாம் நேராகச் சொல்லாதவையும் இந்தப் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்யும். "எனக்கே காது குத்துறியா?" என்று மாமா கேட்டால் தன் காதைப் பொத்திக்கொள்வார்கள், "ரொம்ப நல்லாருக்குடா உன் வேலை" என்று திட்டினால் மகிழ்ந்து சிரித்து, அதற்காக இன்னொரு முறை திட்டு வாங்குவார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் வாரம் ஒரு மரபுத்தொடரை எடுத்து, சொல்லின் பொருளையும் சொல்பவரின் முகத்தையும் குரலையும் சேர்த்துக் காட்டி, வீட்டிலேயே நடித்துப் பாருங்கள். வேடிக்கையாகக் கிண்டல் செய்வதற்கும் புண்படுத்தக் கிண்டல் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவது இதிலிருந்தே தொடங்குகிறது.

உறவினரும் பள்ளியும்

பிள்ளையை மட்டும் பயிற்றுவித்துவிட்டு, அவனைச் சுற்றியிருப்போரை அப்படியே விட்டுவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டுகிறோம். விசேஷ வீட்டுக்குப் போகும் முன் அங்கே யார் யார் இருப்பார்கள் என்பதைப் படங்களைக் காட்டிச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்த பொருள் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதப் பெரியப்பாட்ட காட்டு" என்று பேச்சுக்கு ஒரு காரணத்தை உண்டாக்குங்கள். பெரியம்மாவிடம், "பேரு கேக்காதீங்கக்கா, அவன் வச்சிருக்குற பஸ்ஸப் பத்திப் பேசுங்க" என்று முன்னதாகவே ஒரு போன் செய்துவிடலாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறார்கள். சித்திரைத் திருவிழா போன்ற பெருங்கூட்டத்துக்குப் போகும்போது பெற்றோரின் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்து, காணாமல் போனால் காக்கி உடுப்பு அணிந்த போலீசாரிடம் அந்தச் சீட்டை நீட்ட வேண்டும் என்பதையும் ஒத்திகை பாருங்கள். பதற்றத்தில் பேச்சு வராமல் போகும் பிள்ளைக்குச் சீட்டுதான் பேச வேண்டும்.

வகுப்பாசிரியரிடம் நீளமான கோரிக்கைப் பட்டியல் வேண்டாம். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, "புரிஞ்சுச்சா" என்பதற்குப் பதிலாக "என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்பது, பொறுமையுள்ள ஒரு மாணவனை அவன் பக்கத்தில் அமர்த்துவது ஆகிய மூன்றும் நடந்தாலே வகுப்பறை மாறிவிடும். அரசுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைத் தலைமை ஆசிரியர் வழியாக அழைக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. ஆனால் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு போன்ற உடல், நரம்புக் காரணங்களைக் கொண்டே அதை வரையறுத்திருப்பதால், மொழி வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகள் அந்த வரையறைக்குள் எளிதில் வருவதில்லை. இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வகையில் வழி உண்டு என்பதால், எழுத்திலும் வாசிப்பிலும் தடை தெரிந்தால் அதற்கும் தனியே மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி அடுக்களையில் தொங்கவிடுங்கள். யாரும் கேட்காமல் அவனாகவே சொன்னது எது, யாரிடம் சொன்னான், அதனால் என்ன நடந்தது என்பதைத் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். "செவ்வாய்க்கிழமை, மாடி வீட்டு அண்ணனிடம், 'பந்து குடுங்க', அண்ணன் கொடுத்தான்" என்பது போல இருந்தால் போதும். எத்தனை சொற்கள் தெரியும் என்ற கணக்கைவிட இந்த வரிகள்தான், அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாளருக்குக் காட்டும். அடுத்த முறை வரும்போது பையில் அந்த நோட்டை மறக்காமல் வையுங்கள்.